சீரிஸின் வெள்ளைப் புள்ளிகள்: ஊகம் விடையான வழி

2015 பெப்ரவரி 19 அன்று டோன் விண்கலம் சீரிஸ் என்ற குள்ளக்கோளை 46,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்து படம் பிடித்தது. கறுப்பும் சாம்பலுமாக ஓர் உருண்டை, அதில் ஒரு பெரிய குழி, குழிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். படத்தில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் வெளியிட்ட கொஞ்ச நாளிலேயே அது உலகம் சுற்றிவிட்டது. மட்டக்களப்பில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. "சேர், அது லைற்றா?" என்று கேட்டார்கள். அது சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அந்த நாளில் அந்தக் கலத்தை அனுப்பியவர்களுக்கும் விடை தெரியாது.

தெரியாது என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை. டோன் பயணத்தை நடத்திய நாசாவின் ஜேபிஎல் ஆய்வுகூடம் பொதுமக்களிடம் ஒரு வாக்கெடுப்பே வைத்தது. எரிமலையா, பீறிடும் ஊற்றா, பாறையா, பனிக்கட்டியா, உப்புப் படிவா, இவை எதுவுமே இல்லாத வேறொன்றா? யாரும் வாக்களிக்கலாம். இணையத்தில் வேற்றுக்கிரகவாசிகளின் பட்டணம் என்றவர்களும் இருந்தார்கள்.

இன்றைக்கு விடை பெரும்பாலும் தெரியும். அதைச் சொல்லி முடிக்க ஒரு பந்தி போதும். ஆனால் ஊகமாக இருந்தது எப்படி விடையானது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊகிப்பதை நம் பாடசாலைகளில் பிழையான காரியம்போல நடத்துகிறோம். தெரிந்தால் சொல்லு, இல்லாவிட்டால் பேசாமல் இரு என்கிறோம். சீரிஸ் விஷயத்தில் ஊகங்கள் இல்லாமல் ஓர் அடிகூட நகர்ந்திருக்க முடியாது.

மட்டக்களப்புக்காரர்களுக்கு ஊகம் புதிதும் அல்ல. நம் வாவியின் பாடும் மீன் விவகாரம் நூறு வருடத்தைத் தாண்டி நடக்கிற ஒன்று. 1848 செப்டெம்பரில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கு வந்தபோது, தண்ணீருக்கு அடியில் இருந்து இசை போன்ற ஒலி வருகிறதாமே என்று மீனவர்களிடம் விசாரித்தார். மீன் அல்ல, ஊரி என்ற ஓட்டுயிர்தான் என்றார்கள் அவர்கள். ஊரி குளறுகிறது என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் சொன்னார்கள். சொன்னதோடு விடவில்லை, சில நிமிடங்களில் உயிருள்ள ஊரிகளைத் தேடி எடுத்து வந்து கையில் கொடுத்தார்கள். நிலவு எழும்பிய பிறகு டெனன்ட் அவர்களோடு கோட்டைத் துறையில் இருந்து வள்ளத்தில் போனார். ஒரே நீண்ட ஓசையாக அல்லாமல், தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும் சின்னச் சின்ன ஒலிகள் ஏராளம் என்று எழுதிவைத்தார். வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தால் ஒலி இன்னும் பலமாகக் கேட்டது என்பதையும் குறித்தார். ஊரி என்ற அந்த ஊகம் சரியா பிழையா என்பது வேறு கதை. எனக்கு அதில் பிடித்தது, மீனவர்கள் கையில் ஊரியோடு வந்ததுதான். சோதித்துப் பார்க்க ஒரு பொருளையும் சேர்த்துக் கொடுக்கிற ஊகம் அது. சீரிஸின் புள்ளிகளைப் பற்றி எழுந்த ஊகங்களையும் அப்படித்தான் தரம் பிரிக்க வேண்டும்.

சரி, முதலில் சீரிஸ் யார் என்று பார்ப்போம். 1801 ஜனவரி 1 இரவு, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஜுசெப்பே பியாசி என்ற பாதிரியார் விண்மீன் அட்டவணை வேலையில் இருந்தபோது அதைக் கண்டார். இரவுக்கு இரவு இடம் மாறியதால் அது விண்மீன் அல்ல என்று தெரிந்தது. சில வாரங்களில் அது சூரியனின் ஒளிக்குள் மறைந்துபோனது. திரும்ப எங்கே தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கையில் இருந்த அவதானங்கள் மிகக் குறைவு. 24 வயதான ஜெர்மன் கணித மேதை காவுஸ் புதிய கணித முறை ஒன்றைக் கொண்டு அதன் பாதையைக் கணித்தார். அதே வருடம் டிசம்பர் 31 அன்று அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அது மறுபடியும் அகப்பட்டது. கொஞ்சக் காலம் அதைக் கோள் என்றார்கள், பிறகு சிறுகோள் என்றார்கள், 2006 இல் புளூட்டோவோடு சேர்த்துக் குள்ளக்கோள் என்று வகைப்படுத்தினார்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் உள்ள சிறுகோள் பட்டையில் சீரிஸ்தான் ஆகப் பெரியது. விட்டம் சுமார் 940 கிலோமீட்டர். பட்டையில் உள்ள மொத்தத் திணிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இது ஒன்றிலேயே இருக்கிறது. தன்னைத்தானே சுற்ற ஒன்பது மணித்தியாலம் கொஞ்சம் கூட. சூரியனைச் சுற்ற 4.6 வருடம்.

ரோமர்களின் தானியத் தெய்வத்தின் பெயர் அது. ஆகவே அங்குள்ள குழிகளுக்கு உலக மக்களின் விவசாயத் தெய்வங்களின் பெயர்களையும், மலைகள், பிளவுகள் போன்றவற்றுக்கு அறுவடைத் திருவிழாக்களின் பெயர்களையும் வைக்கிறார்கள். அங்கே உள்ள தனி மலை ஒன்றுக்கு நாகாலாந்தின் சூமி மக்களுடைய அறுவடை விழாவான அஹுனாவின் பெயர். வரிசையாக ஓடும் குழிச் சங்கிலி ஒன்றுக்குப் பொங்கல் என்று பெயர். நம் பக்கத்தில் வட்டைக்குள், அதாவது வயலுக்குள், இறங்குகிறவர்களின் பண்டிகை 940 கிலோமீட்டர் உருண்டை ஒன்றின் வரைபடத்தில் நிரந்தரமாக ஏறியிருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமான செய்தி. வெள்ளைப் புள்ளிகள் இருக்கிற குழிக்கு ஒக்காட்டர் என்று பெயர். கட்டி உடைத்துப் பரம்படிக்கிற வேலைக்கான ரோமானியத் தெய்வம்.

அந்தக் குழியின் விட்டம் 92 கிலோமீட்டர். மட்டக்களப்பு நகரில் இருந்து பொத்துவிலுக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம். ஆழம் சுமார் 4 கிலோமீட்டர். நடுவே இருக்கும் பிரகாசமான பகுதி மட்டும் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பரந்தது. கல்லடிப் பாலத்தில் புறப்பட்டால் ஆரையம்பதியைத் தாண்டிவிடும் தூரம்.

இப்போது அந்த "லைற்" விஷயத்துக்கு வருவோம். சீரிஸ் மிகக் கறுத்த உலகம். விழுகிற சூரிய ஒளியில் சராசரியாக 9 சதவீதம் அளவைத்தான் தெறிக்கவிடுகிறது. இவ்வளவு கறுத்த நிலத்தின் விவரம் தெரிய வேண்டும் என்றால் கமெரா கூடுதலான ஒளியை உள்ளே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது, அதே சட்டகத்தில் கொஞ்சம் வெளிறிய பொருள் ஒன்று இருந்தால் அந்த இடம் மட்டும் நிரம்பி வழிந்து பளீரென்ற வெள்ளையாகிவிடும். பிறகு படத்தை வெளியிடும்போது நிலத்தின் மேடுபள்ளம் தெரிவதற்காக இன்னும் வெளிச்சமாக்குவார்கள். ஆக, இருட்டுக்குள் விளக்கு எரிகிறது என்ற எண்ணம் பார்க்கிறவர்களின் மனதில் வந்தது இயற்கைதான். மற்றது, அந்தத் தூரத்தில் படத்தின் ஒரு புள்ளி என்பது நிலத்தில் நாலு கிலோமீட்டருக்கு மேல். முழு வெள்ளைப் பகுதியுமே இரண்டு மூன்று படப்புள்ளிகளுக்குள் அடங்கிவிட்டது. உருவம், ஓரம், நிழல் என்று எதுவும் இல்லை. உருவம் இல்லாத இடத்தில் மனம் தனக்குத் தெரிந்த உருவத்தை வைக்கும்.

விளக்கு என்ற ஊகமும் சோதிக்கக்கூடியதுதான், அதனால்தான் அதைச் சிரித்துத் தள்ளக்கூடாது என்கிறேன். தானாக எரிகிற ஒன்று என்றால் சீரிஸ் சுழன்று இரவுப் பக்கத்துக்குப் போகும்போதும் தெரிய வேண்டும். ஒன்பது மணித்தியாலத்தில் ஒரு சுற்று என்பதால் இதைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை. புள்ளிகள் சூரியனோடு வந்து சூரியனோடு போயின. அத்தோடு விளக்கு முடிந்தது.

பாறை என்ற ஊகம் அவ்வளவு பேசப்படவில்லை. எரிமலை, ஊற்று, பனிக்கட்டி, உப்பு என்ற நாலுக்கும்தான் உண்மையான போட்டி.

ஊற்றுக்குப் பலமான சாட்சி முன்கூட்டியே இருந்தது. ஐரோப்பாவின் ஹேர்ஷல் விண்தொலைநோக்கி சீரிஸைச் சுற்றி நீராவி இருப்பதைக் கண்டிருந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோகிராம் வெளியேறுகிறது என்ற கணிப்பு 2014 ஜனவரியில் வெளியானது. 2015 மார்ச்சில், டோன் கமெராவைப் பொறுப்பாகப் பார்த்த ஜெர்மன் குழுவின் தலைவர் அந்திரயாஸ் நாத்தூஸ் இன்னொன்றைச் சொன்னார்: குழியின் விளிம்பு மறைக்க வேண்டிய கோணத்தில் இருந்து பார்த்தாலும் புள்ளி தெரிகிறது, ஆகவே ஏதோ மேலே எழும்புகிறது போலிருக்கிறது. பிறகு குழிக்குள் மெல்லிய மூட்டம் ஒன்று தெரிவதாகவும் பேச்சு வந்தது. கேட்பதற்கு எவ்வளவு அழகான விடை! நானும் அதையே விரும்பினேன். ஆனால் கலம் கிட்டப்போகப் போக, பீறிட்டு எழும்பும் எதையும் எந்தப் படமும் காட்டவில்லை; மூட்டமும் உறுதியாகவில்லை.

பனிக்கட்டி என்பது அந்த நேரத்தில் எல்லோர் வாயிலும் வந்த முதல் விடை. வெள்ளை என்றால் பனிக்கட்டி என்பது இயல்பான எண்ணம். சீரிஸுக்குள் நிறையப் பனிக்கட்டி இருக்கிறது என்பதும் அதன் குறைந்த அடர்த்தியில் இருந்து முன்பே தெரியும். ஆனால் காற்று இல்லாத இடத்தில், சூரியன் படுகிற நிலத்தில், பனிக்கட்டி நிலைக்காது. உருகாமலே நேரே ஆவியாகிப் பதங்கமாகிவிடும். ஒக்காட்டர் இருப்பது மத்திய கோட்டில் இருந்து 20 பாகை வடக்கே, நல்ல வெயில் படுகிற இடத்தில். அங்கே இவ்வளவு பெரிய பனிப்பரப்பு என்றால், அது மிக அண்மையில் வெளிப்பட்டிருக்க வேண்டும் அல்லது ஓயாமல் நிரப்பப்பட வேண்டும். 2015 ஏப்ரலில் செங்கீழ்க் கதிர்ப் படங்கள் கொடுத்த தகவலும் பனிக்கட்டிக்குச் சாதகமாக இல்லை. சீரிஸில் இன்னோர் இடத்தில் இருந்த வெள்ளைப் புள்ளி சுற்றியுள்ள நிலத்தைவிடக் குளிராக இருந்தது. ஒக்காட்டரின் புள்ளி அப்படித் தனித்துத் தெரியவில்லை.

இந்த விவாதங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தது கமெராவின் கூர்மை. 2015 ஜனவரி 13 படத்தில் முழுச் சீரிஸும் 27 படப்புள்ளி அகலம்தான். மார்ச் 6 அன்று, பூமியில் இருந்து ஏறத்தாழ 50 கோடி கிலோமீட்டர் தொலைவில், சீரிஸின் ஈர்ப்பு டோனைப் பிடித்துக்கொண்டது. குள்ளக்கோள் ஒன்றைச் சுற்றத் தொடங்கிய முதல் கலம் அதுதான். மிக மெல்லத் தள்ளுகிற அயன் எஞ்சின் என்பதால் வேகமாகக் கீழே இறங்க முடியாது. வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். மே மாதத்தில் 13,600 கிலோமீட்டரில் இருந்து பார்த்தபோது இரண்டு புள்ளிகள் பல சிறு புள்ளிகளாக உடைந்தன. பிறகு 4,400 கிலோமீட்டர், பிறகு 1,470. டிசம்பரில் 385 கிலோமீட்டருக்கு வந்தபோது ஒரு படப்புள்ளி நிலத்தில் 35 மீற்றர். அப்போதுதான் அந்த இடத்துக்கு ஒரு முகம் வந்தது: குழியின் நடுவே இன்னொரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு குவிமாடம், அதன் முதுகில் வெடிப்புகள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் படிவு. கிழக்கே தள்ளி, நிலத்துப் பிளவுகளை ஒட்டி மெல்லிய வெள்ளைத் திட்டுகள். நடுவில் உள்ளதற்கு செரியாலியா என்றும் கிழக்கே உள்ளவற்றுக்கு வினாலியா என்றும் பெயர் வைத்தார்கள்.

என்ன பொருள் என்பதில் மட்டும் ஒரு தடுமாற்றம் நடந்தது. 2015 டிசம்பரில் நாத்தூஸின் குழு, சீரிஸ் முழுவதிலும் இப்படி 130க்கு மேற்பட்ட வெளிறிய இடங்கள் உண்டு என்று அறிவித்து, ஒக்காட்டரில் இருப்பது நீரேறிய மகனீசியம் சல்பேற்றாக இருக்கலாம் என்றது. எப்சம் உப்பு குடும்பம். கமெராவின் ஏழு நிற வடிகட்டிகளை வைத்துச் சொன்ன முடிவு அது. அடுத்த வருடம் ஜூனில் இத்தாலியின் மரியா கிறிஸ்டினா டி சாங்டிஸ் தலைமையிலான குழு, நூற்றுக்கணக்கான அலைநீளங்களாக ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைமானியின் அளவீடுகளை வெளியிட்டது. பெரும்பகுதி சோடியம் காபனேற்று. நாம் சலவைச் சோடா என்று கடையில் வாங்குகிற பொருளின் அதே சேர்வை. கூடவே அமோனியம் சேர்ந்த உப்புகளும். உப்பு என்ற ஊகம் வென்றது. ஆனால் முதலில் சொன்ன உப்பு அல்ல. பூமிக்கு வெளியே இவ்வளவு செறிவாகக் காபனேற்று இருந்த இடம் அதற்கு முன் தெரிந்திருக்கவில்லை.

உப்பு எப்படி அங்கே மேலே வந்தது? இதை விளங்கிக்கொள்ள வாவிக்கரை ஆட்களுக்குப் பெரிய உபகரணம் தேவையில்லை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், வாவியை ஒட்டின உவர் வட்டை ஒன்றின் வரம்பில் குந்தியிருந்து பார்க்கலாம். மாரியில் கறுத்த சேறாகக் கிடந்த அதே நிலம் ஆடி, ஆவணியில் வெள்ளை பூத்திருக்கும். கிட்டப் பார்த்தால் எங்கும் ஒரே அளவாக இருக்காது. மண் வெடித்த ஓரங்களில் தடிப்பாகப் படிந்திருக்கும். வெடிப்புகளுக்கு நடுவே மெல்லிசாக, ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்காக எழும்பும். பொருக்குக்கு அடியில் மண் இன்னும் ஈரமாக, கறுப்பாக இருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும், கொஞ்சம் கைக்கும். அந்த உப்பு மேலே இருந்து விழவில்லை. அடியில் உள்ள உவர்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக ஏறுகிறது. வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டும் கொண்டுபோகின்றன. கரைந்திருந்தது மேலே தங்கிவிடுகிறது. நிலம் வெள்ளை பூத்தால் அடியில் உவர்நீர் நிற்கிறது என்பது வேளாண்மை செய்கிற யாருக்கும் தெரியும். ஒக்காட்டரைப் பார்த்த விஞ்ஞானிகளின் அனுமானமும் அதே திசையில்தான் போனது.

ஆனால் இந்த ஒப்பு ஓர் எல்லை வரைக்கும்தான். சீரிஸில் காற்று இல்லை, மேற்பரப்பில் தண்ணீர் தண்ணீராக நிற்காது. மேலே வந்த உவர்நீர் ஒரே நேரத்தில் கொதிக்கவும் உறையவும் தொடங்கும். ஈரம் விண்வெளிக்குப் போய்விடும், உப்பு மிஞ்சும். மேலே தள்ளும் விசையும் வேறு. உள்ளே இருக்கிற நீர் மெல்ல மெல்ல உறைகிறது. உறைகிற நீர் விரியும், மிஞ்சியிருக்கிற நீரை நெருக்கும். அதோடு, உறையும் பகுதி உப்பை வெளியே விட்டுவிடுவதால் மிஞ்சிய நீரில் உப்பு கூடிக்கொண்டே போகும். உப்புக் கூடினால் உறைநிலை இறங்கும். வெறும் கறியுப்புக் கரைசலே மைனஸ் 21 பாகை வரைக்கும் உறையாமல் நிற்கும்; வேறு உப்புகளும் சேர்ந்தால் இன்னும் கீழே. ஆகவே நெருக்கப்பட்ட, கடுமையாகக் கரிக்கிற நீர் உள்ளே நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். அதற்கு வெளியே வர ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் திறந்தது மோதல். சுமார் 2 கோடி வருடங்களுக்கு முன் ஏதோ ஒன்று வந்து மோதி ஒக்காட்டர் குழி உண்டானது. நிலம் ஆழமாகப் பிளந்தது.

இந்த இடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. குழியின் வயதும் வெள்ளைப் படிவின் வயதும் ஒன்றல்ல. மேலே விழுந்துள்ள சிறு மோதல் குழிகளை எண்ணி வயது பார்ப்பார்கள். பழைய நிலத்தில் குழிகள் கூட, புதிய நிலத்தில் குறைவு. அப்படிப் பார்த்தால் வெள்ளைப் படிவு 20 லட்சம் வருடத்துக்கும் குறைந்த வயதுடையது. மோதலின் சூட்டில் உருகிய நீர் மட்டும்தான் காரணம் என்றால் அது அவ்வளவு காலம் உறையாமல் இருந்திருக்காது. அப்படியானால் அடியில் இன்னொரு மூலம் வேண்டும்.

அந்த மூலத்தைத் தேடித்தான் டோன் தன் கடைசி மாதங்களைச் செலவழித்தது. 2018 ஜூனில் வட்டத்தை நீள்வட்டமாக்கி, ஒக்காட்டருக்கு மேலே வெறும் 35 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கினார்கள். கலத்தைத் திருப்பி நிறுத்தும் சுழற்சில்லுகள் பழுதாகி, இருந்த ஐதரசீன் எரிபொருளையே அதற்கும் செலவழித்துக்கொண்டிருந்த நிலைமையில் எடுத்த முடிவு அது. ஈர்ப்பு அளவீடுகள், ஒக்காட்டருக்குக் கீழே சுமார் 40 கிலோமீட்டர் ஆழத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு உவர்நீர்த் தேக்கம் ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்குக் கொண்டுபோயின. 2020 ஆகஸ்டில் இந்த முடிவுகள் ஒரே நேரத்தில் பல கட்டுரைகளாக வெளிவந்தன.

அவற்றில் எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது ஒரு சின்னக் கனிமம். ஐதரோஹேலைட் என்று பெயர். கறியுப்போடு நீர் மூலக்கூறுகள் பிணைந்த பளிங்கு. செரியாலியாவின் குவிமாட உச்சியில், வெடிப்புகள் உள்ள பகுதியில் அது இருந்தது. சீரிஸின் மேற்பரப்பில் இது தன் நீரை வெகு சீக்கிரம் இழந்து வெறும் உப்பாகிவிடும். சில பத்து வருடங்களே போதும் என்று கணித்திருக்கிறார்கள். இன்னும் நீரோடு அங்கே இருக்கிறது என்றால், அது மிக அண்மையில் மேலே வந்திருக்க வேண்டும். ஒருவேளை நாம் பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலும் ஊறிக்கொண்டிருக்கலாம். பார்க்கும்போதே நீர் வெளியேறியதை எந்தக் கமெராவும் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கனிமம் கையில் ஊரியோடு வந்த சாட்சி. அதைத் தாண்டிப் போவது லேசல்ல.

பழைய வாக்கெடுப்பைத் திரும்பப் பார்த்தால், உப்பு என்றவர்கள் சரி. எரிமலை என்றவர்களையும் முழுக்கப் பிழை என்று தள்ள முடியாது. நெருப்புக் குழம்புக்குப் பதிலாக உப்புச் சேறும் உறைநீரும் வெளிவருகிற குளிர் எரிமலை என்ற வகை உண்டு. முன்பு சொன்ன அஹுனா மலை, சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் தனியாக எழும்பி நிற்பது, அப்படி உண்டானது என்றே கருதுகிறார்கள். 2015 நடுப்பகுதியில் அதைப் பிரமிட் என்று சொல்லியும் ஒரு சுற்றுப் பேச்சு நடந்தது. பனிக்கட்டி என்றவர்களின் விடையும் வேறிடத்தில் கிடைத்தது: ஒக்சோ என்ற சிறு குழியில் உண்மையிலேயே நீர்ப்பனி வெளிப்பட்டிருப்பதை நிறமாலை காட்டியது.

இது ஏன் முக்கியம்? வியாழனின் யூரோப்பா, சனியின் என்சலடஸ் ஆகிய நிலவுகளுக்குள் கடல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியும்: பக்கத்தில் இருக்கும் பெரிய கோள் அவற்றை ஓயாமல் இழுத்துப் பிசைகிறது, அதனால் உள்ளே சூடு. சீரிஸுக்குப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. இவ்வளவு சிறிய, தனித்த உலகம் எப்போதோ குளிர்ந்து இறந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான எண்ணம். கதிரியக்கச் சிதைவின் சொற்பச் சூடும், அந்தச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும் மேலோடும், உறைநிலையை இறக்கும் உப்பும் சேர்ந்தால் தண்ணீர் இந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று சீரிஸ் காட்டிவிட்டது. அப்படியென்றால் தண்ணீர் இருக்கக்கூடிய இடங்களின் பட்டியல் நீள்கிறது. 2017 இல் ஏர்னுட்டெட் என்ற குழியின் அருகே காபன் அடிப்படையிலான சேதனப் பொருள்களும் கண்டறியப்பட்டன. உயிர் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படி எழுதுகிற தலைப்புகளை நம்ப வேண்டாம். உயிருக்குத் தேவையான சில பொருள்கள் அங்கேயும் உண்டு என்பது மட்டும்தான்.

சீரிஸை இங்கே இருந்து பார்க்க முடியுமா என்று பலர் கேட்பதுண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகப் பிரகாசிக்கிற காலத்தில் அதன் பிரகாசம் ஏழாம் தரத்தளவில் நிற்கும். கண்ணின் எல்லை ஆறு. ஆனால் சாதாரண பைனாகுலர் போதும். ஏறத்தாழ பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை அது சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும்போதுதான் பார்க்க நல்ல நேரம். வாடைக்காற்றோடு மழை பிடிக்கிற கார்த்திகை, மார்கழியில் அமைந்தால் நமக்கு அதிர்ஷ்டம் குறைவு. நகர வெளிச்சத்தை விட்டு, படுவான்கரைப் பக்கமோ அம்பாறையின் உள்வட்டைகளுக்கோ போனால் வானம் போதிய இருட்டு. ஒரு வெளிறிய புள்ளி மட்டும்தான் தெரியும். வானவரைபடத்தில் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு சில இரவு கழித்து மறுபடியும் பார்த்தால் நகர்ந்திருக்கும். பியாசி கண்டதும் அந்த நகர்வைத்தான். ஒக்காட்டரின் வெள்ளையைப் பைனாகுலரில் எதிர்பார்க்க வேண்டாம். 2003, 2004 காலத்தில் ஹபிள் விண்தொலைநோக்கிக்கே அது மங்கலான ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது.

2018 ஒக்டோபர் கடைசியில் டோனின் ஐதரசீன் தீர்ந்துபோனது. பூமிப் பக்கம் தன்னைத் திருப்ப முடியாமல் அது பேச்சை நிறுத்தியது. நவம்பர் 1 அன்று பயணம் முடிந்ததாக அறிவித்தார்கள். கலம் இன்னும் சீரிஸைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. குறைந்தது இருபது வருடமாவது நிலத்தில் விழாதபடி வட்டத்தை அமைத்திருக்கிறார்கள், பூமியின் நுண்ணுயிர்கள் அந்த உப்புநிலத்தில் கலந்துவிடக்கூடாது என்பதற்காக. அடுத்த கலம் இன்னும் புறப்படவில்லை. 2022 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அடுத்த பத்து வருடத்துக்கு எழுதிய திட்ட அறிக்கையில், சீரிஸில் இருந்து மாதிரி எடுத்து வரும் பயணம் பரிசீலிக்கத் தகுந்த ஒன்றாக இடம்பிடித்திருக்கிறது.

அதுவரைக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். டோன் எடுத்த படங்களும் அளவீடுகளும் நாசாவின் கோளியல் தரவுக் களஞ்சியத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கிடக்கின்றன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இருக்கிற மாணவர் ஒருவர், தன் கணினியிலேயே 2015 டிசம்பருக்குப் பிறகு 385 கிலோமீட்டரில் எடுத்த செரியாலியா படங்களையும் 2018 நடுப்பகுதியில் 35 கிலோமீட்டரில் எடுத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை எங்காவது பரந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூர்மை வேறு, உயரம் வேறு, எல்லாவற்றையும்விட சூரியக் கோணம் வேறு என்பதால் நிழல் மாறுவதையே நிலம் மாறியதாக எடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே சூரியக் கோணம் ஒத்துவருகிற இரண்டு படங்களைத் தேடி எடுப்பதில் இருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.